ஊர் திரும்பிய மணிமேகலை

கற்றல் நோக்கங்கள்

1. மணிமேகலைக் காப்பியத்தின் கதைப்போக்கை அறிதல்.
2. 'நான் யார்?' என்னும் வினாவுக்குக் கதைத்தலைவி விடை காணும் வழியை நிகழ்ச்சிகளின் துணைகொண்டு ஆராய்தல்.
3. இடவாகுபெயர், முதனிலை திரிந்த தொழிற்பெயர் ஆகியவற்றைப் பாடத்தின்வழி உணர்தல்.

நுழையும் முன்

'உன் சொந்த ஊர் எது?' என்று கேட்டால் சிலர் உடனே விடை கூறுவர். பள்ளுருத்தியில் தமிழ் பயிலும் மாணவர் பலர் சற்றே தயங்குவர். தந்தையின் ஊர் தஞ்சையாக இருக்கும். தாயின் ஊர் நாகர்கோவிலாக இருக்கும். பிறந்ததும் பள்ளியில் சேர்ந்ததும் வேறு எங்கோ நிகழ்ந்திருக்கும். கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்குச் சென்றால், 'கொச்சிப் பெண் வந்துவிட்டாள்' என்பர். கொச்சிக்குத் திரும்பினால், 'தமிழ்நாட்டுப் பெண்' என்பர். இரண்டும் பொய்யல்ல, ஆயினும் இரண்டையும் சேர்த்துச் சொன்னாலும் அவள் யார் என்பது முழுமையாக விளங்கிவிடாது.

இத்தகைய தடுமாற்றத்தைத் தமிழ்க் காப்பியம் ஒன்று தன் நடுப்பொருளாகவே கொண்டுள்ளது. தன் ஊரைவிட்டு எடுத்துச் செல்லப்பட்டு, தன்னைப் பற்றிய புதிய அறிவோடு அவ்வூருக்கே திரும்பிய இளம்பெண் ஒருத்தியின் கதை அது. அவள் மாறித் திரும்பினாள், ஊரோ மாறவில்லை. அவ்விடைவெளியில் அவள் தன்னை எவ்வாறு கண்டுகொண்டாள் என்பதே இப்பாடம்.

நூல் அறிமுகம்

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று மணிமேகலை. இதனை இயற்றியவர் சீத்தலைச் சாத்தனார். இந்நூல் 30 காதைகளைக் கொண்டது. சிலப்பதிகாரத்தின் கதைத்தொடர்ச்சியாக அமைந்தமையால், இவ்விரு நூல்களையும் இரட்டைக் காப்பியங்கள் என்பர். சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகி, மாதவி ஆகியோரின் வாழ்வு கூறப்படுகிறது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளே மணிமேகலை. பௌத்த அறத்தை எடுத்துரைக்கும் இக்காப்பியத்தை உ.வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளிலிருந்து ஆராய்ந்து 1898ஆம் ஆண்டு அச்சில் வெளியிட்டார்.

பாடப்பகுதி

1. ஊர் சூட்டிய பெயர்

காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்திருந்தது புகார் நகரம். காவிரிப்பூம்பட்டினம் என்பதும் அதன் பெயரே. சோழரின் துறைமுகத் தலைநகரான அங்கு, ஆண்டுதோறும் இந்திர விழா 28 நாள் நடைபெறும். அவ்விழாவில் ஆடலும் பாடலும் நிகழ்த்துவது நாடகக் கணிகையர் குலத்தின் கடமை எனக் கருதப்பட்டது. மாதவி அக்குலத்தில் பிறந்தவள், ஆடற்கலையில் ஈடற்றவள்.

கோவலன் மதுரையில் கொலையுண்டான் என்னும் செய்தி மாதவியின் வாழ்வை மாற்றியது. அவள் அணிகலன்களைத் துறந்தாள். அறவண அடிகளைச் சரணடைந்து பௌத்த நெறியை மேற்கொண்டாள். மகளையும் அந்நெறியிலேயே வளர்த்தாள். விழாவுக்கு நாள் குறிக்கப்பட்டது. மாதவியும் மணிமேகலையும் ஆட வரவில்லை. ஊர் பழித்தது. மாதவியின் தாய் சித்திராபதி, தோழி வசந்தமாலையைத் தூது அனுப்பினாள். மாதவி வர மறுத்தாள். கணவனின் கொலைக்கு நீதி கேட்டு அரசனின் நகரையே எரித்த கண்ணகியின் மகள் மணிமேகலை என்றும், அவள் தவநெறிக்கு உரியவளேயன்றிக் கணிகையர் வாழ்வுக்கு உரியவள் அல்லள் என்றும் கூறி அனுப்பினாள்.

இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குக. மணிமேகலை இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்குள் அவளுக்கு இரண்டு அடையாளங்கள் தரப்பட்டுவிட்டன. ஊரும் பாட்டியும் 'கணிகையர் குலப்பெண்' என்றனர். தாயோ 'கண்ணகியின் மகள்' என்றாள். முன்னது இழிவாகத் தோன்றுகிறது. பின்னது பெருமையாகத் தோன்றுகிறது. எனினும் இரண்டும் பிறர் தந்தவையே. சோழ இளவரசன் உதயகுமரனும் தன் பங்குக்கு ஒன்றைத் தர விரும்பினான். அவனுக்கு அவள், தான் அடைய வேண்டிய அழகி. மலர் பறிக்கத் தோழி சுதமதியுடன் உவவனம் சென்ற மணிமேகலையை அவன் தேரேறிப் பின்தொடர்ந்தான். அவள் பளிக்கறையுள் புகுந்து மறைந்துகொண்டாள். 'நான் யார்?' என்று எண்ணிப் பார்க்கும் பொழுது அவளுக்கு இன்னும் கிட்டவில்லை. ஒளிந்துகொள்ள மட்டுமே முடிந்தது.

2. தீவில் பெற்ற அறிவு

அன்றிரவு மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிச் சென்று, புகாருக்குத் தெற்கே 30 யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் சேர்த்தது. இலங்கையின் வடபால் உள்ள நயினாதீவே மணிபல்லவம் என்று கருதுவோரும் உளர்.

கண்விழித்த மணிமேகலை அறிந்த முகம் எதனையும் காணவில்லை. தந்தையை நினைந்து அழுதாள். பின்னர் அங்கிருந்த புத்த பீடிகையைக் கண்டு தொழுதாள். அதன் ஆற்றலால் தன் முற்பிறப்பை உணர்ந்தாள். முற்பிறப்பில் அவள் இலக்குமி என்னும் அரசமகள். அவளுடைய கணவன் இராகுலன். அவனே இப்பிறப்பில் உதயகுமரனாகப் பிறந்துள்ளான். தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைக் கற்பித்தது. ஒன்று வேற்றுரு எடுப்பது. மற்றொன்று வான்வழிச் செல்வது. மூன்றாவது பசியைப் பொறுப்பது. தீவின் காவல் தெய்வமான தீவதிலகை, கோமுகிப் பொய்கையில் வைகாசி முழுநிலா நாளில் தோன்றும் அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பற்றிக் கூறினாள். அப்பாத்திரம் மணிமேகலையின் கையை வந்தடைந்தது.

அறிவும் ஆற்றலும் கிடைத்துவிட்டன. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆயின் சாத்தனார் அவளைத் தீவில் இருத்தவில்லை. அவளைப் பழித்த அதே ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார். காரணம் வெளிப்படையானது. அமுதசுரபி எத்துணைப் பேருக்கு இட்டாலும் குறையாத பாத்திரம். ஆள் நடமாட்டமில்லாத தீவில் அதனை யாருக்காக ஏந்துவது? பசித்தவர் இருக்கும் இடமே அப்பாத்திரத்துக்குரிய இடம்.

3. ஏழாம் நாள்

மகளைக் காணாது தவித்த மாதவியும் சுதமதியும் ஆறு நாள் காத்திருந்தனர். ஏழாம் நாள் அவள் வான்வழியே வந்து இறங்கினாள். இருவரும் மகிழ்ந்தனர். அவளோ அவர்களை வணங்கி, முற்பிறப்பில் நீவிர் இருவரும் தாரை, வீரை என்னும் பெயருடைய என் தமக்கையர் என்றாள். 'மகள்' என்று அழைத்தவளே முன்பு தமக்கையாக இருந்தாள் என்றால், உறவுப் பெயர்களும் நிலையானவை அல்ல என்பது விளங்கும். தாய்க்கு அச்சொல் எவ்வளவு வியப்பாக இருந்திருக்கும்! மணிமேகலை நேற்றுவரை அறிந்திருந்த வீட்டிலேயே புதியவளாக நின்றாள்.

மூவரும் அறவண அடிகளிடம் சென்றனர். அடிகள் அமுதசுரபியின் முன்வரலாற்றைக் கூறினார். அதனை முன்பு வைத்திருந்தவன் ஆபுத்திரன். பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்ட அக்குழந்தைக்கு ஏழு நாள் பசு ஒன்று பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணர் அவனை எடுத்து வளர்த்தார். வேள்விக்காகக் கட்டப்பட்ட பசுவை அவன் விடுவித்தபோது, ஊரார் அவனது பிறப்பைச் சொல்லி இழித்துரைத்து விரட்டினர். மதுரையில் இரந்து பெற்ற உணவைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் ஆகியோருக்கு முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டான். அவனது அருளுள்ளம் கண்டு சிந்தாதேவி அளித்ததே அமுதசுரபி.

அடிகள் ஏன் இக்கதையை அவளிடம் கூற வேண்டும்? பிறப்பைக் காட்டி ஊர் இழித்த ஒருவன், அவ்விழிவுக்கு விடையாகத் தன் செயலைத் தந்தான். மணிமேகலையின் கையில் இருப்பது அவன் ஏந்திய பாத்திரம். அவளுக்கு அடிகள் காட்டிய முன்னோன் குலத்தால் வந்தவன் அல்லன், அறத்தால் வந்தவன்.

4. முதற்பிச்சை

அமுதசுரபி தெய்வத்தன்மை உடையது. ஆயினும் அது வெறும் பாத்திரமாகவே அவள் கையில் இருந்தது. கற்பின் சிறந்த பெண் ஒருத்தி முதலில் பிச்சை இட வேண்டும்; அதன்பின்னரே அது வற்றாது சுரக்கும். தீராப் பசிநோய் கொண்டு ஊரில் அலைந்த காயசண்டிகை என்னும் வித்தியாதரப் பெண், அதற்கு உரியவள் ஆதிரையே என்று கூறி அவளுடைய வரலாற்றையும் எடுத்துரைத்தாள்.

ஆதிரையின் கணவன் சாதுவன். அவன் அவளைப் பிரிந்து கணிகை ஒருத்தியிடம் சென்று பொருள் அனைத்தையும் இழந்தவன். பின்பு பொருள் தேடிக் கப்பலேறினான். கடலில் அவன் இறந்தான் என்று கேள்வியுற்ற ஆதிரை தீப்புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. சாதுவன் உயிருடன் மீண்டான்.

கணிகை ஒருத்தியால் கணவனைப் பிரிந்து துன்புற்றவள் ஆதிரை. கண்ணகியின் துன்பமும் அதுவே. அத்தகைய ஒருத்தியின் வாயிலில், கணிகை மாதவியின் மகள் கையில் வெறும் பாத்திரத்துடன் நின்றாள். ஒப்பனை செய்யப்படாத ஓவியத்தை அவளுக்கு உவமை ஆக்குகிறார் சாத்தனார். ஆதிரை 'நீ யார் மகள்?' என்று கேட்டாளில்லை. வையமெங்கும் பசி ஒழியட்டும் என்று வாழ்த்திப் பாத்திரம் நிறைய உணவிட்டாள்.

மணிமேகலை ஊர் திரும்பிய பின் பெற்ற முதல் ஏற்பு இதுவே. தீவில் தெய்வம் கற்பித்தது. ஆயினும் பாத்திரம் நிறைந்தது ஊரில், ஒரு மனிதக் கையால். ஊர் என்பது ஒரே குரல் உடையதன்று. பழித்த வாய்களும் அங்கு உண்டு. குலம் கேளாது இட்ட கையும் அங்கு உண்டு.

அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடிச் சோற்றால் காயசண்டிகையின் நோய் தீர்ந்தது. அவள் தன் நாட்டுக்குப் புறப்பட்டாள். மணிமேகலை உலக அறவி என்னும் பொது அம்பலத்தை அடைந்து, வந்தோர் அனைவருக்கும் உணவளித்தாள். விழாவில் ஆட வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த அதே பெண், ஊரின் நடுவே சோறிடுபவளாக நின்றாள்.

5. வேற்றுருவின் விலை

பேத்தி பிச்சைப் பாத்திரம் ஏந்தினாள் என்னும் செய்தி சித்திராபதியைச் சினமூட்டியது. அவள் உதயகுமரனைத் தூண்டினாள். அவன் உலக அறவிக்கு வந்தான். அறிவுரை கூறியும் அவன் மனம் மாறாமை கண்ட மணிமேகலை, சம்பாபதி கோயிலுள் புகுந்து மந்திரத்தால் காயசண்டிகையின் உருவை எடுத்து வெளியே வந்தாள்.

அவ்வுருவில் அவள் செய்த அறச்செயல் பெரிது. சிறைக்கோட்டம் சென்று சிறைப்பட்டோர்க்கு உணவிட்டாள். செய்தி அறிந்த சோழ மன்னன் அவளை அழைத்து, யார் நீ எனக் கேட்டான். வித்தியாதர மகள் என்றே அவள் தன்னை அறிவித்தாள். வேண்டுவது யாது என்றான். சிறையை நீக்கி அவ்விடத்தில் அறத்தோர் வாழும் கோட்டம் அமைக்க வேண்டினாள். மன்னன் இசைந்தான், சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆயிற்று.

ஆயினும் மன்னன் பாராட்டியது வேறொருத்தியை. மணிமேகலை செய்த செயல் மணிமேகலையின் பெயரில் நிற்கவில்லை. அதனினும் பெரிய இடர் பின்னர் நேர்ந்தது. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வந்தான். தன் மனைவியின் உருவில் நின்றவள் உதயகுமரனோடு உரையாடுவதைக் கண்டான். ஐயமும் சினமும் அவனை ஆட்கொண்டன. இரவில் அவளைத் தேடி அம்பலம் வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்தினான்.

அவள் தீங்கு எண்ணவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளவே உரு மாறினாள். ஆயினும் பிறர் உருவை அணிந்தமையால், அப்பிறரின் வாழ்வுச் சிக்கலும் அவளைச் சூழ்ந்தது. ஓர் உயிர் போயிற்று. மந்திரத்தால் பெற்ற வேற்றுரு ஊரின் கண்ணிலிருந்து மறைத்ததேயன்றி, ஊரோடு அவளுக்கிருந்த வழக்கைத் தீர்க்கவில்லை.

6. தன்னுருவில் நின்றாள்

நிகழ்ந்ததை அறிந்த மணிமேகலை வேற்றுருவைக் களைந்தாள். முற்பிறப்பின் கணவனை எண்ணிக் கலங்கினாள். தூணில் உறைந்த கந்திற்பாவை என்னும் தெய்வம், வினையின் பயனை விளக்கி அவளைத் தேற்றியது. இனி அவள் ஓடவில்லை, ஒளியவும் இல்லை. மன்னனின் ஆணையால் சிறைப்பட்டாள். மகனை இழந்த அரசி அவளைத் தன்னிடத்தே வைத்துப் பலவாறு துன்புறுத்தினாள். அறிவை மயக்கும் மருந்து ஊட்டினாள். உணவின்றிப் புழுக்கறையில் அடைத்தாள். தான் கற்ற மந்திர வலிமையாலும் மனவுறுதியாலும் அவள் அவற்றைக் கடந்தாள்.

இறுதியில் அரசி அஞ்சிப் பணிந்தாள். அப்போது மணிமேகலை அவளைப் பழிக்கவில்லை. மகனுக்காக அழும் அன்பு உடலின் பொருட்டா, உயிரின் பொருட்டா என்று வினவினாள். உயிரின் பொருட்டாயின் எல்லா உயிர்க்கும் இரங்குவதே முறை என்று உணர்த்தினாள். சித்திராபதி வந்து பேத்தியைத் தன்னிடம் அனுப்புமாறு வேண்டியபோது அரசியே மறுத்தாள். முன்பு மகளுக்காகத் தாய் பேசினாள். இப்போது அவளைத் துன்புறுத்தியவளே அவளுக்காகப் பேசும் நிலை வந்தது.

இத்துணை நிகழ்ந்த பின்னும் ஊரின் வாய் அடங்காது என்பதை அவள் அறிந்திருந்தாள். இங்கேயே தங்கினால், அரசன் மகனுக்குக் கூற்றமாக வந்தவள் என்றே ஊரார் கூறுவர் என எண்ணிப் புகாரைவிட்டு நீங்கத் துணிந்தாள். முதல்முறை அவளைத் தெய்வம் தூக்கிச் சென்றது. இரண்டாம் முறை அவளே புறப்பட்டாள். இவ்விரு பிரிவுகளுக்கும் இடையில்தான் அவள் வளர்ந்தாள்.

7. ஊர் மறைந்த பின்

மணிமேகலை சாவக நாடு சென்றாள். ஆபுத்திரன் அங்கே புண்ணியராசன் என்னும் அரசனாகப் பிறந்திருந்தான். அவனை மணிபல்லவத்துக்கு வரச்செய்து, முற்பிறப்பை உணர்த்தினாள். அங்கே தீவதிலகை அவளிடம் ஒரு செய்தி கூறினாள். புகார் நகரைக் கடல் கொண்டுவிட்டது. மகனை இழந்த துயரில் மன்னன் இந்திர விழாவை மறந்தமையால் அவ்வழிவு நேர்ந்தது எனக் காப்பியம் கூறுகிறது. மாதவியும் சுதமதியும் அறவண அடிகளோடு வஞ்சி நகர் சென்று பிழைத்தனர்.

பழித்த ஊரும் இல்லை. உணவிட்ட அம்பலமும் இல்லை. ஆதிரையின் வாயிலும் இல்லை. திரும்புவதற்கு ஊரே இல்லாதவள் இனி யார்?

அவள் சேரநாட்டு வஞ்சி நகரை அடைந்தாள். முதலில் கண்ணகியின் கோயிலுக்குச் சென்று தொழுதாள். 'கண்ணகியின் மகள்' என்று தாய் தந்த அடையாளத்தை, ஒரு காலத்தில் கேட்டு மட்டும் இருந்தவள், இப்போது தானாகவே விரும்பி ஏற்று அவள் திருமுன் நின்றாள். அந்நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்டறிந்தாள். பின்னர்க் காஞ்சி நகரம் மழையின்றிப் பசியால் வாடுவது அறிந்து அங்குச் சென்று, அமுதசுரபியால் உயிர்களைக் காத்தாள். காஞ்சி அவள் பிறந்த ஊரன்று. ஆயினும் புகாரின் உலக அறவியில் செய்த அதே தொண்டைக் காஞ்சியிலும் செய்தாள். ஊர் மாறியது, செயல் மாறவில்லை. அவள் யார் என்பதை அச்செயலே கூறிற்று.

8. வஞ்சியும் கொச்சியும்

சேரரின் வஞ்சி எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கரூர் என்பர் ஒருசாரார். கொடுங்கல்லூரை அடுத்த திருவஞ்சிக்குளப் பகுதி என்பர் மற்றொருசாரார். கொடுங்கல்லூர்ப் பகவதியைக் கண்ணகியோடு தொடர்புபடுத்தும் மரபும் உண்டு. பள்ளுருத்தியிலிருந்து கொடுங்கல்லூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனவே இக்காப்பியம் தொலைநாட்டுக் கதையன்று. இவ்வட்டாரத்தின் பழைய நினைவும் அதனுள் கலந்துள்ளது.

புகாரைக் கடல் கொண்டது காப்பியச் செய்தி. கொடுங்கல்லூர்ப் பகுதியிலிருந்த முசிறித் துறைமுகம் தளர்ந்ததற்கும், கொச்சித் துறைமுகம் தோன்றியதற்கும் 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தைக் காரணமாகக் கூறுவர். ஊர்கள் அழிவதும் பிறப்பதும் நீரின் கையிலும் உண்டு.

அவ்வாறு பிறந்த கொச்சி, பல ஊரார் வந்து தங்கிய இடமாயிற்று. மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. 1948இல் இஸ்ரேல் நாடு அமைந்த பின் இங்கிருந்த யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். கொங்கணி பேசுவோரும் குஜராத்தி பேசுவோரும் மட்டாஞ்சேரித் தெருக்களில் வாழ்கின்றனர். ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியிலுள்ள சலவைத்துறையில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்துவருகின்றன. இவர்களுள் எவரிடமும் 'உன் சொந்த ஊர் எது?' என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை வராது.

பள்ளுருத்தியிலேயே மற்றொரு சான்றும் உண்டு. பிறப்பைக் காட்டிப் பலருக்குக் கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், இங்குள்ள ஸ்ரீ பவானீசுவரர் கோயிலில் ஸ்ரீ நாராயண குரு பிரதிஷ்டை செய்தார். ஊர் சூட்டிய இழிபெயரை ஏற்க மறுத்த மக்களுக்கு அது தலைநிமிர்வைத் தந்தது. ஆபுத்திரனும் மணிமேகலையும் காப்பியத்தில் எதிர்கொண்ட வினாவே இவ்வூர் மக்களின் முன்னும் நின்றது.

தொகுப்புரை

மணிமேகலைக்கு ஊர் ஓர் அடையாளத்தைத் தந்தது. தாய் ஒன்றைத் தந்தாள். தீவு முற்பிறப்பு என்னும் மற்றொன்றைக் காட்டியது. மந்திரம் வேற்றுருவைக் கொடுத்தது. இவற்றுள் ஊர் தந்ததை மறுத்தாள், தாய் தந்ததைப் பிற்காலத்தில் ஏற்றாள், முற்பிறப்பை அறிந்து கடந்தாள், வேற்றுருவைக் களைந்தாள். எஞ்சி நின்றது கையிலிருந்த பாத்திரமும் அதனைக் கொண்டு செய்த தொண்டும். பிறந்த ஊருக்குத் திரும்பியதால் அவளுக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. ஆயின் செய்ய வேண்டிய செயல் அங்கேதான் தொடங்கியது.

சொற்பொருள்

காதை – காப்பியத்தின் உட்பிரிவு
உவவனம் – மலர்ச்சோலை
பளிக்கறை – பளிங்கால் ஆன அறை
யோசனை – பழந்தமிழர் கூறிய தொலைவளவு
பீடிகை – இருக்கை, பீடம்
பொய்கை – இயற்கையான நீர்நிலை
அம்பலம் – பலர் கூடும் பொதுவிடம்
கோட்டம் – இருப்பிடம், கோயில்
கூற்றம் – எமன்
வித்தியாதரர் – வான்வழிச் செல்வோராகக் கூறப்படும் தேவ இனத்தார்

மொழியறிவு

அ. இடவாகுபெயர்: 'ஊர் பழித்தது' என்னும் தொடரில் ஊர் என்னும் சொல், நிலத்தைக் குறிக்காமல் அதில் வாழும் மக்களைக் குறிக்கிறது. ஓர் இடத்தின் பெயர் அவ்விடத்துள்ள மக்களுக்கு ஆகி வந்தமையால் இஃது இடவாகுபெயர்.

ஆ. முதனிலை திரிந்த தொழிற்பெயர்: 'கொள்' என்னும் பகுதி 'கோள்' என நீண்டு தொழிற்பெயர் ஆகும். கடல் + கோள் = கடல்கோள்.

இ. ஒரு சொல், இரு பொருள்: 'பாத்திரம்' என்னும் சொல் உணவு ஏந்தும் கலத்தையும், கதையில் வரும் மாந்தரையும் குறிக்கும்.

ஈ. பிரித்து எழுதுதல்: அறக்கோட்டம் = அறம் + கோட்டம்; வேற்றுரு = வேறு + உரு; பசிப்பிணி = பசி + பிணி.

பயிற்சி

I. ஒரு தொடரில் விடை எழுதுக.
1. மணிமேகலையின் பெற்றோர் யாவர்?
2. இந்திர விழா எத்தனை நாள் நடைபெற்றது?
3. தெய்வம் கற்பித்த மூன்று மந்திரங்கள் யாவை?
4. அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவர் யார்?
5. சிறைக்கோட்டம் எதுவாக மாற்றப்பட்டது?

II. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. அறவண அடிகள் ஆபுத்திரனின் வரலாற்றை மணிமேகலைக்குக் கூறியதன் பொருத்தத்தை விளக்குக.
2. ஆதிரை மணிமேகலைக்குப் பிச்சை இட்டது ஏன் குறிப்பிடத்தக்கது?
3. புகாரைவிட்டு மணிமேகலை நீங்கிய இரு சூழல்களையும் ஒப்பிடுக.

III. சிந்தித்து எழுதுக.
1. மணிமேகலை வேற்றுரு எடுத்தது சரியா? உம் கருத்தை இரு காரணங்களுடன் எழுதுக. மாற்றுக் கருத்துடையோர் என்ன கூறுவர் என்பதையும் எழுதுக.
2. 'ஊர் என்பது ஒரே குரல் உடையதன்று' – இத்தொடரைக் கதை நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்குக.

IV. மொழிப்பயிற்சி.
1. ஊர், பள்ளி, வீடு ஆகிய சொற்களை இடவாகுபெயராக அமைத்துத் தொடர் எழுதுக.
2. 'பாத்திரம்' என்னும் சொல்லை இரு பொருளிலும் அமைத்து இரு தொடர்கள் எழுதுக.
3. கெடு, சுடு, படு – இவற்றின் முதனிலை திரிந்த தொழிற்பெயர்களை எழுதுக.

செயல்பாடு

வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம், அவர் எந்த ஊரில் பிறந்தார், எவ்வாறு இவ்வூர் வந்தார், முதன்முதலில் இங்கு அவருக்கு உதவியவர் யார் என்னும் மூன்று வினாக்களைக் கேட்டறிக. விடைகளை ஒரு பக்க அளவில் நல்ல தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக. அண்டை வீட்டார் மலையாளம், கொங்கணி, குஜராத்தி ஆகியவற்றுள் ஒன்றைப் பேசுவோராயின், அவரிடம் கேட்டும் எழுதலாம்.